பதினாலைத் தாண்டாத ஆஸ்பத்திரி

ஊரே அவரை ரைட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, ‘ரைட், ரைட்’ என்று தொண்டை கிழியக் கத்திச் சம்பாதித்த பட்டம் அது. ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார், விசிலைத் திருப்பிக் கொடுத்தார். தலை எண்ணும் பழக்கத்தை மட்டும் யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எங்கே போனாலும் எண்ணுவார். வாசலில் நின்று, கடைசி வரிசையில் ஆரம்பித்து முன்வரிசை வரை கண்ணை ஒரு ஓட்டு ஓட்டுவார். அவ்வளவுதான், கணக்கு வந்துவிடும். கல்யாண வீடானால் பரவாயில்லை. பெரிய அண்ணனின் சம்பந்தி இறந்துபோன வீட்டிலும் வாசலில் நின்று, “அறுபத்தெட்டு” என்று முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி இடுப்பில் கிள்ளினாள்.

“துக்கம் கேக்க வந்தீங்களா, செக்கிங் வந்தீங்களா?”

இவரையும் சேர்த்து உடன்பிறப்புகள் ஐந்து பேர். மூத்தவர் இரண்டு பேரும் பிழைப்பைத் தேடித் தூர ஊர்களுக்குப் போய் அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இவர் மூன்றாவது. இவருக்கு அடுத்தவன் மாமனார் வீட்டோடு போனவன், எப்போதாவது போன் செய்வான். கடைசி ஒரு தங்கை, இவரைவிடப் பதினோரு வயது சின்னவள். இடுப்பில் தூக்கி வளர்த்த பாசம் என்பதால் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இவர்தான். பார்த்தது வேறெங்கும் இல்லை, ஓடுகிற பஸ்ஸில்தான். ஒரு மழைநாள் நெரிசலில் ஒரு பையனுடைய செருப்பு ஒன்று படியிலிருந்து ரோட்டில் விழுந்துவிட்டது. “பஸ்ஸை நிறுத்தட்டுமா?” என்று இவர் கேட்டதற்கு, “வேண்டாங்க, மத்தவங்களுக்கு லேட்டாகும்” என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு இறங்கிப் போனான் அந்தப் பையன். யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை என்று இவர் மனசில் முடிச்சுப் போட்டுவிட்டார். ஆறு மாதத்தில் அவனே தங்கைக்குப் புருஷனானான். பிறகு அந்த மாப்பிள்ளைக்கு நகராட்சியின் வட்டார ஆஸ்பத்திரியில் சிப்பந்தி வேலை கிடைத்தது. மாலை நேரத்தில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து, கணக்கு எழுதி, வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலை. தெருப்பிள்ளைகளுக்கு அவர் டோக்கன் மாமா.

ஓய்வு பெற்ற ரைட்டுக்காரருக்கு நான்கு மாதம் வீட்டில் ஓடியது. ஐந்தாவது மாதம் வீட்டுக்காரி பொறுமை இழந்தாள். அவர் சமையலறை டப்பாக்களை எண்ணி, “இருபத்திமூணு டப்பா, பதினெட்டு மூடிதான் இருக்கு” என்று கண்டுபிடித்துச் சொன்ன நாள் அது.

“குத்தம் கண்டுபிடிக்கணும்னு கை அரிச்சா நகராட்சியில போய்க் கண்டுபிடிங்க. ஆளு கேக்குறாங்களாம். நோட்டீஸ் ஒட்டியிருக்கு.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாலும் நோட்டீஸ் நிஜம். நகராட்சி எடுக்கப்போகிற முடிவுகளையும் செய்கிற வேலைகளையும் சபைக்குப் போகும் முன்னால் நோண்டிப் பார்க்க ஓர் ஆய்வுக் குழு இருந்தது. கவுன்சிலர்கள் நான்கு பேர், பொதுமக்களில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் பெட்டியில் பெயர் போடச் சொல்லிக் குலுக்கி எடுப்பார்கள். ரைட்டுக்காரர் போட்ட சீட்டு வந்தது. இன்னொரு சீட்டு முட்டைக்கடை அக்காவுடையது. பெட்டியில் மொத்தமே ஐந்து சீட்டுதான் இருந்தது என்பதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

கூட்டம் நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் நடக்கும். நீள மேஜை, மேலே கண்ணாடி, தலைக்கு மேல் டக்டக்கென்று சொடுக்கிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. பின்னால் சுவர் ஓரமாக இருபது நாற்காலிகள். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று சட்டம் உண்டு. ஆனால் வந்து உட்கார்ந்திருந்ததெல்லாம் பழைய பைல்கள்தான். ரைட்டுக்காரர் வாசலில் நின்று எண்ணினார். மனிதர்கள் எட்டு, பைல் கட்டுகள் பதினேழு.

முதல் கூட்டத்தில் தெருவிளக்குப் பேச்சு. எல்லா விளக்கும் சரியாக இருப்பதாகப் பார்வையிட்டு எழுதியிருக்கிறோம் என்று பொறியாளர் படித்தார். நான்கு கவுன்சிலர்களும் தலையாட்டினார்கள். ரைட்டுக்காரருக்கு அவர் தெருவிளக்கு கண்ணை மூடி ஒரு மாதம் ஆனது ஞாபகம் வந்தது.

“சார், பாக்கப் போனது எத்தனை மணிக்கு?”

பொறியாளர் தாளைத் திருப்பினார். “காலையில பதினொன்னு.”

முட்டைக்கடை அக்கா சிரித்த சிரிப்பில் ஒரு பைல் கட்டு கீழே விழுந்தது. குழுவுக்குத் தலைவி, வெள்ளை முடியை இறுக்கி முடிந்த கண்டிப்பான கவுன்சிலர் அம்மா. அவரே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “மறுபடி போய்ப் பாருங்க. இருட்டினப்புறம்” என்றார். அந்த ஒரு கேள்வியில் ரைட்டுக்காரருக்கு ஊரில் ஒரு பெயர் வந்துவிட்டது. டீக்கடையில் ஆட்கள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். “தலைகால் புரியலை உங்களுக்கு” என்றாள் வீட்டுக்காரி.

மூன்றாவது கூட்டத்தில்தான் அந்தத் தாள் வந்தது. வட்டார ஆஸ்பத்திரியின் மாலை நேரத்தை மூடிவிடுவது என்று முன்மொழிவு. படித்தவர் சுகாதார அதிகாரி. சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை, கெட்ட எண்ணமில்லாத பிள்ளை. ஊரின் மறுகோடியில் புதிதாக வீடுகள் முளைத்த பகுதியில் டாக்டரே இல்லை. இங்கே மாலையில் வருவது நாளுக்குச் சராசரி பதின்மூன்று பேர். பதின்மூன்று பேருக்காக ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் இங்கே உட்கார வைப்பதைவிட அங்கே அனுப்பினால் நூறு பேர் பயனடைவார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ரைட்டுக்காரர் தலையாட்டவில்லை.

காரணம் தங்கை. அவள் பிஸ்கட் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நின்றபடி வேலை. நின்று நின்று நரம்பு புடைத்து, இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்து ஏழு மாதமாக ஆறவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவி மருந்து வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும், விட்டால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலை முடிந்ததும் நேராக மாலை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வீடு திரும்புவாள். மாலை நேரம் போய்விட்டால் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுதான். இன்னொரு நாள் லீவு போட்டால் வேலைக்கே வரவேண்டாம் என்று மேற்பார்வையாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டான். காலா, வேலையா என்று அவள் நிற்க வேண்டியிருக்கும்.

“இந்தத் தினக்கணக்கு இருக்கா சார்? நான் கொஞ்சம் பாக்கலாமா?” என்று கேட்டார் ரைட்டுக்காரர்.

“சராசரி போட்டிருக்கே ஐயா.”

“சராசரி இருக்கட்டும் சார். நாள் நாளா வேணும்.”

அதிகாரி முகம் சுளிக்காமல் இரண்டு வருடத்துத் தாள்களையும் கொண்டுவந்து கொடுத்தார். ரைட்டுக்காரர் டிரிப் ஷீட்டைச் சரிபார்க்கிற மாதிரி ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். பதினாலு. பதினாலு. பன்னிரண்டு. பதினாலு. பதிமூன்று. பதினாலு. போன மழைக்காலத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்து படுத்திருந்த வாரத்துக்குப் போனார். பதினாலு. ரோடு முழங்கால் தண்ணீரில் மிதந்த நாளைத் தேடினார். ஒன்பது. அதற்கு மறுநாள் பதினாலு. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூடப் பதினைந்து இல்லை.

“என்னண்ணே பாக்குறீங்க?” என்று முட்டைக்கடை அக்கா காதோரம் கேட்டாள்.

“கூட்டம்னா ஏறும், இறங்கும் அக்கா. இது இறங்குது, ஆனா ஒரு இடத்துக்கு மேல ஏறவே மாட்டேங்குது. இது கூட்டம் இல்லை. இது சீட்டு.”

“அப்படின்னா?”

“பதினாலு சீட்டு உள்ள வண்டி. நிக்கிறவங்களை எவனோ எழுதலை.”

எவனோ என்று வாய் சொன்னது. எவன் என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. குழு முடிவை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தது. ரைட்டுக்காரர் மறுநாள் சாயங்காலம் தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வாசலில் நின்று ஒரு ஓட்டு ஓட்டினார். பெஞ்சுகளில் இருபத்தொன்பது, சுவரில் சாய்ந்து நின்றவர்கள் எட்டு, ஆக முப்பத்தேழு தலை. கம்பி போட்ட சின்ன ஜன்னலுக்குப் பின்னால் மாப்பிள்ளை, முன்னால் ஒரு தகர டப்பா. “ஏழாம் நம்பர்!” என்று அவர் குரல் கொடுத்ததும் ஒரு கிழவர், இரண்டு பெண்கள், மூன்று பிள்ளைகள் என ஆறு பேர் எழுந்து உள்ளே போனார்கள். ஒரே தெருக்காரர்கள். கிழவர் கையில் சிவப்பு பிளாஸ்டிக் வில்லை ஒன்று, நடுவே துளையிட்டுக் கயிறு கட்டியது.

ரைட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போனார். “மாப்ளே, கொஞ்சம் வெளியே வர்றீங்களா?”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசினார்கள். தங்கையின் புருஷனாயிற்றே, எவ்வளவு கோபம் வந்தாலும் வாங்க போங்க என்றுதான் திட்ட வேண்டும். அது ஒரு கஷ்டம்.

“மொத்தம் எத்தனை டோக்கன் மாப்ளே?”

“அம்பது.”

“இப்ப இருக்கிறது?”

மாப்பிள்ளை தொட்டியின் குழாயைத் திருகி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. “பதினாலு.”

“மிச்சம் முப்பத்தாறு?”

“பிள்ளைங்க எடுத்துட்டுப் போயிடுதுங்க மச்சான். ஒன்னு சாக்கடையில விழுந்துச்சு. ஒன்னைக் கட்டில் கால் ஆடுதுன்னு ஒரு அம்மா அண்டைக்குடுத்திருக்கு, கேட்டா தர மாட்டேங்குது. ஒவ்வொன்னாப் போச்சு.”

“போச்சுன்னு ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?”

“அம்பதுக்கும் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன். ஒன்னு தொலைஞ்சப்ப இதுக்குப் போயா அவங்களைத் தொந்தரவு பண்றதுன்னு விட்டேன். இருபது தொலைஞ்சப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய்ச் சொல்றது? வீட்டுக்கு ஒன்னுன்னு குடுத்தேன். பிறகு தெருவுக்கு ஒன்னுன்னு ஆயிடுச்சு. ஜனங்க நல்ல ஜனங்க மச்சான், ஒருத்தரும் முணுமுணுக்கலை.”

“ஷீட்டுல பதினாலுன்னு எழுதினீங்களே, அது?”

“தாள்ல ‘டோக்கன் எண்ணிக்கை’ன்னுதான் போட்டிருக்கு. ஆள் எண்ணிக்கைன்னு போடலையே!”

ரைட்டுக்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “நீங்க எழுதின கணக்கை வெச்சுத்தான் இந்தச் சாயங்கால ஆஸ்பத்திரியை மூடப் போறாங்க. தெரியுமா?”

மாப்பிள்ளைக்குத் தெரியாது. முகம் வெளிறிப்போனது. உள்ளே பெண்டாட்டி கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கு மச்சான். வெளியே தெரிஞ்சா கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிடுவாங்க. அவகிட்டச் சொல்லிடாதீங்க. வேற ஏதாவது வழி பண்ணுங்க.”

ரைட்டுக்காரர் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி எதிரே வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் முழுக்கதையும் வெளியே வந்துவிட்டது.

“உங்க மாப்பிள்ளைக்கு வேலை போனா எல்லாருமாச் சேர்ந்து தாங்கிக்கலாம்” என்றாள் அவள். “உங்க தங்கச்சிக்குக் கால் போனா?”

“பேசாம இருந்தா ரெண்டும் நிக்குமான்னு பாக்குறேன்.”

“பேசாம இருந்தா ஆஸ்பத்திரி நிக்காது. அவளுக்கு மட்டுமா அது?”

அவர் தலைவி அம்மாவுக்குப் போன் போட்டார். குழு மாடியில்தான் உட்கார வேண்டும் என்று ஏதாவது சட்டம் உண்டா என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றார் அந்த அம்மா. அப்படியானால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலேயே உட்காரலாமே என்றார் இவர். அந்த அம்மா சரி என்றதும் மைக் கட்டிய வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. அது போகாத சந்துக்கெல்லாம் முட்டைக்கடை அக்கா முட்டையோடு சேர்த்துச் செய்தியையும் பொட்டலம் கட்டி அனுப்பினாள்.

வியாழக்கிழமை ரைட்டுக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்து நேராகவே சொன்னார். “நாளைக்கு நான் வாயைத் திறப்பேன் மாப்ளே. அதுக்கு முன்னாடி நீங்க திறந்தா நல்லது.” மாப்பிள்ளை திரும்பி நடந்தார். அன்றிலிருந்து மச்சான் என்று கூப்பிடுவதையும் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பெஞ்சுகளை வட்டமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். டாக்டரின் மேஜையைத் தூக்கிவந்து குழுவுக்கு முன்னால் வைத்தார்கள். பைல்கள் வரவில்லை, மனிதர்கள் வந்திருந்தார்கள். ஐம்பத்து மூன்று தலை. கட்டு மாற்றும் திரைக்குப் பின்னால் நர்ஸ் தன் வேலையைத் தன்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருக்காகவும் புண் காத்திருக்காது என்று.

அதிகாரி எழுந்து, “இன்னைக்குக் கூட்டம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இது மைக் வெச்சுக் கூட்டின கூட்டம். எங்கிட்ட இருக்கிறது ரெண்டு வருஷத்துக் கணக்கு” என்றார். அதுவும் நியாயம்தான். ஒரு கவுன்சிலர், “வண்டி நிறைய ஆள் ஏத்துறது ஐயாவுக்குப் புதுசா என்ன?” என்று கேலி செய்தார். கொஞ்சம் பேர் சிரித்தார்கள்.

ரைட்டுக்காரர் எழுந்து நின்றார். தாள்களை உயர்த்திப் பிடித்தார். காய்ச்சல் வாரத்தையும் மழை நாளையும் படித்துக் காட்டினார். “இந்த ரெண்டு வருஷத்துல பதினஞ்சுன்னு ஒருநாள் காட்டுங்க, நான் உக்காந்துடறேன்.”

அதிகாரி தாள்களை வாங்கிப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் நெற்றி சுருங்கியது. “ஆமா, இல்லை. நான் சராசரியைத்தான் பாத்தேன்.”

“மருந்து செலவாகியிருக்குமே, அது எங்கே போச்சு?” என்று கேட்டாள் முட்டைக்கடை அக்கா.

“காலைக்கும் மாலைக்கும் ஒரே பீரோ, ஒரே புஸ்தகம். ஆள் எத்தனைன்னு எங்களை யாரும் கேட்டதுமில்லை” என்று திரைக்குப் பின்னாலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தாள்.

தலைவி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் பதினாலோட நிக்குது? உங்களுக்குத் தெரியுமா ஐயா?”

ரைட்டுக்காரர் கம்பி ஜன்னலைப் பார்த்தார். மாப்பிள்ளை அங்கேதான் இருந்தார், தலை குனிந்து.

“தெரியும்மா. அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒன்னு எழுதிக்கோங்க. டோக்கன் குடுக்கிறவர் என் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்காரர். என் தங்கச்சி இந்த ஆஸ்பத்திரியிலதான் கட்டுப் போட்டுக்கறா. ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் தங்கச்சி. ரெண்டு பக்கமும் எனக்கு ஆள் இருக்கு. அதனால நான் சொல்றதை அப்படியே நம்பாதீங்க. அங்கே இருக்கிற டப்பாவில டோக்கன் எத்தனைன்னு நீங்களே எண்ணுங்க.”

ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தார். சிவப்பு வில்லைகள் சிதறின. இரண்டு, ஐந்து, ஏழு, பதினொன்று என்று இடைவெளி விட்டு விட்டு, கடைசியாக நாற்பத்தெட்டு. மொத்தம் பதினாலு.

“மிச்சம் தொலைஞ்சு போச்சும்மா. தொலைஞ்சதைச் சொல்லப் பயந்து தெருவுக்கு ஒன்னாக் குடுத்தேன். டோக்கனைத்தான் எழுதினேன், ஆளை எழுதலை. தப்பு என்னோடது.”

அதிகாரி மெல்லக் கேட்டார். “தெருவுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு இப்ப எப்படித் தெரியும்?”

ரைட்டுக்காரருக்குள் தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் அந்த நேரத்தில் எழுந்துவிட்டான். ஒரு வில்லையைத் தூக்கிக் காட்டி, முப்பத்திரண்டு வருடத்துக் குரலில் ஒரு சத்தம் போட்டார்.

“ஏழாம் நம்பர் ஆளெல்லாம் எந்திரிங்க!”

ஆறு பேர் எழுந்தார்கள். “இரண்டு!” மூன்று பேர். “பதினொன்னு!” ஐந்து பேர். அதில் ஒரு பெண், “அஞ்சு வருஷமாப் பதினொன்னு நாங்கதான்” என்று பெருமையாகச் சொன்னாள். “நாற்பத்தெட்டு!” என்றதும் ஒரு சந்தே எழுந்து நின்றது, ஒன்பது பேர். ஒரு வயசானவர் மட்டும் எழுந்து, பக்கத்திலிருந்தவரிடம், “நாம நாப்பத்தெட்டா, நாப்பத்தாறா?” என்று கேட்க, “நாப்பத்தாறு மூணு வருஷம் முன்னாடியே தொலைஞ்சுது, உக்காருங்க பெரியப்பா” என்று பதில் வந்தது. மைக் வைத்துக் கூப்பிட்ட கூட்டம் என்றால் தன் தன் நம்பரை எப்படித் தெரிந்து வைத்திருக்கும்? தலைவி அம்மா ஒவ்வொரு நம்பருக்கு நேராகவும் எழுதிக்கொண்டே வந்தார்.

பதினாலு நம்பரும் முடிந்தது. அப்போது திரை விலகியது. தங்கை, பாதி சுற்றிய கட்டோடு ஒற்றைக் காலில் நின்றாள். வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது போல் துணிச்சுருளைப் பிடித்தபடி பின்னால் நர்ஸ்.

“நான் எதுலயும் இல்லைண்ணே. என்னையும் எழுதுங்க. எனக்கு இந்த மனுஷன் ஏழு மாசமா ஒரு டோக்கன்கூடக் குடுத்ததில்லை. வீட்டு ஆளுக்கு எதுக்குன்னு மிச்சம் பிடிக்கிறாரு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். மாப்பிள்ளைகூடச் சிரிப்பதா வேண்டாமா என்று ஒருமுறை வாயைத் திறந்து மூடினார். அவளோ சிரிக்கவில்லை. புருஷனைப் பார்த்து, “இதைச் சொல்ல எங்கண்ணன் நாலு பேர் முன்னாடி நிக்கணுமா? என்கிட்டச் சொல்லியிருந்தா நானே பழைய வாளி மூடியை வெட்டி முப்பத்தாறு செஞ்சு குடுத்திருக்க மாட்டேனா?” என்று கேட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போனாள்.

குழு அன்றைக்கே முடிவு எழுதியது. மாலை ஆஸ்பத்திரியை மூடக்கூடாது. மூன்று மாதம் டோக்கனை நம்பாமல் தலையை எண்ண வேண்டும், அதுவும் பொதுமக்களே முறை வைத்து வந்து எண்ண வேண்டும். மறுகோடிப் பகுதிக்கு டாக்டர் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது ரைட்டுக்காரர். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மூன்று மாதமும் ஆட்கள் முறை வைத்து எண்ணினார்கள். ஒருநாள் தையல்காரர், ஒருநாள் முட்டைக்கடை அக்கா, ஒருநாள் கட்டில் காலுக்கு வில்லை அண்டைக்கொடுத்த அதே அம்மா. நாளுக்குச் சராசரி நாற்பத்தாறு வந்தது. சராசரியோடு விடாமல் அதிகாரி இப்போது நாள் நாளாகவும் வாங்கிப் பார்த்தார். தங்கையின் புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்து, ஒரு காசளவுக்குச் சுருங்கிவிட்டது. கம்பெனியில் ஒருநாளும் லீவு போடவில்லை.

மாப்பிள்ளைதான் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் வானத்தில் ஏதோ பறப்பது மாதிரி மேலே பார்ப்பார். அவர் வேலைக்கு என்ன ஆகும் என்று ஆபீஸும் வாயைத் திறக்கவில்லை. ரைட்டுக்காரருக்கு ராச்சோறு இறங்கவில்லை. “கூட்டத்துல முழங்கினீங்களே, இப்ப முழுங்குங்க” என்று வீட்டுக்காரி தட்டைத் தள்ளுவாள். மனசுக்குள் அவளுக்கும் பயம்தான்.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கையும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து நின்றார்கள். “வாங்கண்ணே, வாங்க” என்று வீட்டுக்காரி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணியோடு சமையலறைக்குப் போனாள்.

“நான் மச்சான்கிட்டப் பேச வரலை” என்றார் மாப்பிள்ளை. “கண்டக்டர்கிட்டப் பேச வந்தேன்.”

“சொல்லுங்க சார். எங்கே போகணும்?”

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். மெமோ. முப்பத்தாறு டோக்கன் தொலைந்ததை ஏன் உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை, பத்து நாளில் பதில் எழுத வேண்டும். பதில் திருப்தியாக இருந்தால் எச்சரிக்கையோடு விடப்படும் என்று கடைசியில் ஒரு வரி. ரைட்டுக்காரர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கினாற்போல் மூச்சு விட்டார்.

“எனக்கு இதெல்லாம் வந்ததே இல்லை” என்றார் மாப்பிள்ளை பரிதாபமாக. “உங்களுக்குத்தான் நிறைய வந்திருக்குமே.”

“பதினோரு மெமோ!” என்று நிமிர்ந்தார் ரைட்டுக்காரர். “ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தினதுக்கு மட்டும் நாலு. பேப்பரை எடுங்க மாப்ளே. மொதல் வரியிலயே மன்னிப்புக் கேக்கக் கூடாது. என்ன நடந்ததுன்னு எழுதணும். மன்னிப்பு கடைசியில.”

“‘டோக்கன்கள் நாளடைவில் தேய்ந்து போயின’ன்னு போடட்டுமா?”

“தேய்ஞ்சு காணாமப் போறதுக்கு அது என்ன சோப்பா? தொலைஞ்சதுன்னு போடுங்க.”

“எல்லாமேவா? பாதி தேய்ஞ்சது, பாதி தொலைஞ்சதுன்னு…”

“மாப்ளே!”

எழுதினார்கள், அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள். எந்த டோக்கன் எங்கே போனது என்று ஞாபகப்படுத்திப் பார்த்ததில் ஒன்பதுக்குத்தான் விலாசம் கிடைத்தது. பத்தாவது மாப்பிள்ளையின் சொந்தப் பேத்தியின் விளையாட்டுச் சாமானில் கிடக்கிறது என்று சமையலறையிலிருந்து தங்கை தகவல் கொடுத்தாள். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும் என்று ரைட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். மச்சான் இப்படிச் சொந்தக் குடும்பத்தையே காட்டிக்கொடுப்பார் என்று நினைக்கவில்லை என்று மாப்பிள்ளை முறைத்தார். முறைக்கும்போது மச்சான் என்று கூப்பிட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ரைட்டுக்காரர் கவனித்தார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசிப் பத்தியை அவரே சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை எழுதினார். “‘இனிமேல் ஒரு டோக்கன் தொலைந்தாலும் அன்றைக்கே எழுத்து மூலம் தெரிவிப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.’ போட்டாச்சா?”

மாப்பிள்ளை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “அன்னைக்கேன்னா அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமே. ஒரு வாரம் கழிச்சுன்னு போடலாமா மச்சான்?”

“அன்னைக்கே!” என்று சமையலறையிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.